ஓரக்கோட்டுக் குரல்

பதிவாளர் அறையில் அன்று ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, பதிவாளர். அவருக்கு இடப்பக்கம், மடிக்கணினியோடு, அவருடைய உதவியாளர். மேசைக்கு இந்தப் பக்கம், கைப்பிடி இல்லாத நாற்காலியில், பல்கலைக்கழக மருத்துவ நிலையத்து நர்ஸ். சன்னலோரம், மெத்தை போட்ட நாற்காலியில், உடற்கல்வி விரிவுரையாளனான நான். கதவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, என் அக்கா.

எந்த விவகாரமானாலும் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்பது எனக்குச் சிறுநகரப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது படிந்த பழக்கம். அப்படி எழுதினால் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். எனக்கு மெத்தை போட்டிருந்தார்கள், நர்ஸுக்குக் கைப்பிடிகூட இல்லை என்பதிலிருந்து விசாரணை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

"தலையில அடிபட்ட பையனை நீங்கதானே சோதிச்சீங்க?" என்று பதிவாளர் கேட்டார்.

"ஆமா சார்."

"சோதிச்சிட்டு, விளையாடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார். கேட்ட அஞ்சு கேள்விக்கும் சரியா பதில் சொன்னான். தடுமாறவே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு, என்னைவிட வேகமா சொன்னான்."

"அப்புறம் எப்படிம்மா அவனுக்கு இந்தக் கதி?"

நர்ஸ் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அது ஒரு சங்கடம். பதிவாளர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க துறை ஆள். இந்த அம்மா கவனமா வேலை பாக்கறவங்களா?" என்றார்.

"வழக்கமா கவனமாத்தான் இருப்பாங்க" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். 'வழக்கமா' என்ற சொல்லை உதவியாளர் தட்டச்சு செய்யும்போது பதிவாளர் எட்டிப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். நர்ஸைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். இறுதி முடிவை ஆட்சிக்குழு எடுக்கும் என்றார்கள். அந்தக் கூட்டம் நாளைக் காலை. நர்ஸின் வேலை நாளையோடு போய்விடலாம். வேலை மட்டுமல்ல, ஒரு பையனின் மூளையைக் கெடுத்தவர் என்ற பெயரோடு அவர் வேறெங்கும் ஊசிகூடப் போட முடியாது.

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுவது முறை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நான் பாடம் நடத்தினேன், அவ்வளவுதான்.

ரக்பி தெரியாதவர்களுக்காக ஒன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். வைக்கவிடாமல் எதிராளி கட்டிப்பிடித்துச் சாய்ப்பான். தலைக்கவசம் கிடையாது. தலையில் அடிபட்டால் மருத்துவ ஆள் ஓடிவந்து சில கேள்விகள் கேட்பார். இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் அணியில் இவற்றுக்குத் தலைக் கேள்விகள் என்று பெயர்.

எனக்கு இந்தக் கேள்விகளோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. மாணவனாக இருந்தபோது ஓர் இறுதி ஆட்டத்தில் விழுந்து எழுந்தேன். டாக்டர் கேட்டார், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்று. யோசித்தேன். யோசித்ததற்காகவே வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் நான் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை. அந்த ஆட்டத்தில் வேறு எதுவும் இன்றுவரை நினைவில் இல்லை என்பது வேறு விஷயம்.

விரிவுரையாளன் ஆன பிறகு அதே அநியாயம் என் மாணவர்களுக்கும் நடந்தது. ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியாரும் குனிந்து, தோளோடு தோள் பூட்டி, காளைகள்போல் முட்டித் தள்ளுவார்கள். அதில் தலையைக் கொடுத்திருப்பவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் நிற்பவனின் காதும் புல்லும்தான். அவனிடம் போய் யார் புள்ளி எடுத்தார் என்று கேட்டால் என்ன சொல்வான்? எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன், வளாகமே அவனை 'பீரோ' என்று அழைக்கும், நல்ல நாளிலேயே அன்று என்ன கிழமை என்று இரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் நம்புவான். அவனை ஒரு முக்கியமான ஆட்டத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். தோற்றோம்.

கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்திருந்தும் மாணவன் தோற்றால் அது ஆசிரியரின் குற்றம். நான் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனவே பயிற்சியில் தலைக் கேள்விகளைச் சேர்த்தேன். மைதானத்தைச் சுற்றி ஓடும்போது கேட்பேன். தண்டால் எடுக்கும்போது கேட்பேன். மூச்சு வாங்கிக்கொண்டே பதில் வர வேண்டும், யோசனை கூடாது. கேட்கும் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டேன். நர்ஸும் சட்டைப்பை அட்டையிலிருந்து அதே வரிசையில்தான் கேட்பார். வெள்ளைக் கோட்டின் மேல் குதிகாலோடு விரலை ஒட்டி நடந்து காட்டும் சோதனையும் உண்டு. அதற்காக, அவர்களை நின்ற இடத்தில் தட்டாமாலை சுற்றவிட்டு, பிறகு கோட்டில் நடக்கவைத்தேன். முதலில் சுருண்டு விழுந்தார்கள். போகப் போக, தலை சுற்றும்போதும் நேராக நடக்கக் கற்றுக்கொண்டார்கள். மனித உடம்புக்குப் பழக்கினால் எதுவும் வரும்.

ஆட்டத்தின் நடுவிலேயே மாறும் பதில்கள் இரண்டு. எந்தப் பாதி, கடைசிப் புள்ளி யாருடையது. இவற்றுக்கு நான் இருந்தேன். ஓரக்கோட்டில் நின்று, ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு, "ரெண்டாம் பாதி, பத்தாம் நம்பர், ரெண்டாம் பாதி, பத்தாம் நம்பர்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பார்வையாளர்கள் ஏதோ வியூகம் என்று நினைத்தார்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர், "உங்க குரல் ஒண்ணு போதும் சார், பசங்க செத்தாலும் எழுந்திருவாங்க" என்று பாராட்டினார்.

நர்ஸும் பாராட்டினார். "உங்க பசங்க மாதிரி தெளிவான பசங்களை நான் பாத்ததே இல்ல சார். இடி விழுந்தாலும் டக்குனு சொல்றாங்க" என்றார். "பயிற்சி, சிஸ்டர்" என்றேன். அதையும் மறைக்கவில்லை, பாருங்கள்.

என் மருமகன் இந்த அணிக்கு வந்தது அதன் பிறகு. அக்காவின் ஒரே மகன். தையல் கடை வைத்து அவனை வளர்த்தாள். அணிச் சட்டைகளில் எண் தைத்துக் கொடுப்பதும் அவள்தான். பையனை எல்லோரும் 'கால்குலேட்டர்' என்பார்கள். கணிதப் பிரிவு மாணவன். கடைக்காரர் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மொத்தத்தைச் சொல்லி அவரை எரிச்சல்படுத்துவான். வீட்டில் மாமா, மைதானத்தில் சார் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒருமுறை திருத்தினேன், அதன்பின் தவறியதில்லை.

பருவத் தொடக்கத்தில், அடிபடாத தலைக்கும் ஒரு சோதனை வைத்து மதிப்பெண் குறித்துக்கொள்வார்கள். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்றவை. பின்னால் அடிபட்டால் அதோடு ஒப்பிடுவதற்காக. அதில் கொஞ்சம் மந்தமாக இருக்கும்படி மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். தொடக்கமே பள்ளமாக இருந்தால் பிறகு விழுந்தாலும் விழுந்தது தெரியாது அல்லவா? மற்றவர்களுக்கு இதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. பீரோ உண்மையாகவே முயன்று வாங்கிய மதிப்பெண் எனக்குத் திருப்தியாக இருந்தது. மருமகன்தான் கஷ்டப்பட்டான்.

"மாமா, இவ்வளவு முட்டாளாவா நடிக்கணும்?"

"மைதானத்துல சார்."

"சார், இவ்வளவு முட்டாளாவா நடிக்கணும்?"

"லேசா தடுமாறினா போதும்டா."

"சரி, எங்க துறைத்தலைவரை மனசுல வச்சுக்கிட்டுப் பண்றேன்."

சிரித்துவிட்டேன். நன்றாகத்தான் நடித்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அவனும் பீரோவும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பீரோவுக்கு ஒன்றுமில்லை. மருமகன் சாமான் அறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். "வெளிச்சம் கண்ணைக் குத்துது சார்" என்றான். வெயில் என்று சொல்லி, என் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தேன். வழுக்கை சுட்டது. மாணவர்களுக்காக இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தியாகங்கள் செய்வதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

அக்கா போன் செய்தாள். "தம்பி, புள்ள சாப்பிடவே மாட்டேங்கறான்டா. விளக்கைப் போட்டா அணைக்கச் சொல்றான். டாக்டர்கிட்ட காட்டவா?"

"இறுதி ஆட்டம் வருதுல்ல அக்கா, அதான் பதற்றம். டாக்டர்கிட்ட போனா ஒண்ணுமில்லாததை ஊதிப் பெருசாக்குவாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ இருக்கேன்னுதான் நான் தைரியமா இருக்கேன்" என்றாள்.

ஆறாத தலையில் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். விளையாட்டுக் காயங்கள் என்ற பாடத்தை எங்கள் துறையில் நான்தான் நடத்துகிறேன். அந்தப் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கட்டாயக் கேள்வி வைப்பேன். பெரும்பாலான மாணவர்கள் முழு மதிப்பெண் வாங்குவார்கள்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் பல்கலைக்கழகம் அதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. இரண்டாம் பாதியில் நாங்கள் முந்தியிருந்தோம். பத்தாம் எண் ஆட்டக்காரன் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்த சற்று நேரத்தில், ஓடி வந்த எதிராளி ஒருவனை மருமகன் சாய்த்தான். அவன் முழங்கால் மருமகனின் பொட்டில் பட்டது. நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் ஓரக்கோட்டில் அவர்களுக்கு நேராகப் போய் நின்று, வழக்கம்போல் குரல் கொடுத்தேன்.

அஞ்சு கேள்வி. அஞ்சு பதில். வெள்ளைக் கோட்டில் கத்தி வைத்து வெட்டியதுபோல் நேராக நடந்தான். நர்ஸ் திருப்தியோடு கையை உயர்த்தினார். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதற்கு நானே சாட்சி.

நர்ஸ் பையை மூடிக்கொண்டிருந்தபோது மருமகன் என்னிடம் வந்தான். மிக அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "மாமா, நாம எந்தப் பக்கம் ஓடணும்?" என்று கேட்டான்.

நான் திருத்திய பிறகு மைதானத்தில் அவன் என்னை மாமா என்று அழைத்தது அந்த ஒரே தடவைதான்.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் தோளைப் பிடித்து, சரியான பக்கம் திருப்பிவிட்டு, முதுகில் தட்டி, "அந்தப் பக்கம்" என்றேன். போனான். பந்தை வாங்கினான். தலையைக் குனிந்துகொண்டு மூன்று பேருக்கு நடுவில் புகுந்தான். அவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை.

கோப்பை எங்களுக்கு. நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து, மருமகன் இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான், பேசுகிறான். சட்டைப் பொத்தான் போடும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். சமையலறைக்கென்று கிளம்பிக் கூடத்தில் நின்றுவிடுவான். கூட்டல் கணக்கு கேட்டால் சிரிக்கிறான். அக்கா வீட்டில் மாடிப்படி இருப்பதால் இருவரையும் என் குடியிருப்புக்கே அழைத்து வந்துவிட்டேன். அவள் கடைக்குப் போகும் நேரம் முழுக்க நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன். விடுப்பு எடுத்து மாணவனைக் கவனிக்கும் ஆசிரியர் என்று துணைவேந்தர் ஒரு கூட்டத்தில் என்னைக் குறிப்பிட்டுப் பேசினார்.

நர்ஸும் வந்துகொண்டிருந்தார். வேலை இல்லாததால் நேரம் இருந்தது. அவனுக்குக் கைவிரல் பயிற்சி கொடுப்பார். அக்கா ஆரம்பத்தில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தேநீர் கொடுத்தாள். நேற்று மாலை என்னைச் சமையலறைக்கு அழைத்து, "தம்பி, இந்தப் பொம்பளை மேல எனக்குக் கோபமே வர மாட்டேங்குதுடா. பெத்தவளுக்கு வர வேண்டாமா? எனக்கு என்ன கேடு?" என்றாள். "உனக்கு மனசு பெருசு அக்கா" என்றேன்.

கூடத்தில் நர்ஸ் மருமகனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இறுதி ஆட்டத்தன்று போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கக் கைவிட்டபோது பழைய அட்டையும் சேர்ந்து வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நம்ம மைதானம். ரெண்டாம் பாதி. பத்தாம் நம்பர். விவசாயக் கல்லூரி. ஜெயிச்சோம்."

மூச்சு விடாமல் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், சரிதானே என்பதுபோல. பல மாதங்களுக்குப் பிறகு அவன் தடுமாறாமல் பேசியது அதுதான். எனக்குக் கண் கலங்கியது. மற்றதெல்லாம் போயும் நான் கற்றுக்கொடுத்தது மட்டும் நிற்கிறது என்றால், ஓர் ஆசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

நர்ஸ் அட்டையை மெல்ல மடியில் வைத்தார்.

"சார், நான் இன்னும் கேக்கவே இல்ல" என்றார்.

அவர் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மைதானத்தில் நான் கொடுத்த குரல் அவருக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"எல்லாப் பசங்களுக்குமா சார்?"

"பாரபட்சம் பாக்க மாட்டேன், சிஸ்டர்."

எழுந்தார். சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை. நாளன்னைக்குக் காலையில கூட்டம். அதுக்குள்ள பதிவாளருக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றேன்பாங்க" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "எனக்காக இல்லன்னாலும், பீரோவுக்காகவாவது" என்றார். பீரோ அடுத்த பருவமும் விளையாடுகிறான்.

இன்று காலையிலிருந்து அந்தக் கடிதத்தைத்தான் எழுதினேன். பெறுநர், அனுப்புநர், பொருள், எல்லாம் முறைப்படி. இங்கே சொன்ன அனைத்தும் அதில் இருக்கிறது, தொப்பி உட்பட. நர்ஸ் மேல் குற்றமில்லை என்று எழுதினேன். யார் மேல் என்பதை ஆட்சிக்குழு முடிவு செய்யட்டும். நான் பயிற்சியாளன், நீதிபதி அல்ல. கடைசிப் பத்தியில், இனி எந்த ஆட்டக்காரனுக்கும் ஓரக்கோட்டில் நின்று குரல் கொடுக்க மாட்டேன் என்று உறுதி கூறினேன். திருத்தி எழுதி, படி எடுக்காமல், கையெழுத்துப் போட்டேன்.

பதிவாளர் அலுவலகப் பெட்டி எங்கள் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரம். மாலைக்குள் போட்டால் காலைக் கூட்டத்துக்குப் போய்விடும். நானே போடலாம். ஆனால் எழுதியவனே கொண்டுபோய்க் கொடுத்தால் அது கடிதமாகாது, கையளிப்பு ஆகிவிடும். தவிர, மருமகனுக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தால் எப்படித் தேறுவான் என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே ஓர் எண்ணம். தனியாக அவனை யாரும் இன்னும் வெளியே அனுப்பிப் பார்த்ததில்லை. அக்கா கடையில் இருந்தாள்.

உறையைப் பசை தடவி ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினேன். அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, கடிதத்தைக் கையில் கொடுத்தேன்.

"இதப் பெட்டியில போட்டுட்டு வா."

"சரி மாமா."

வாசற்படியில் நின்று பார்த்தேன். கடிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து, அழகாகத்தான் போனான். வெளிவாயிலில் நின்றான். பெட்டி வலப்பக்கம். இடப்பக்கம் லாரிகள் ஓடும் பெரிய சாலை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் திரும்பி நடந்தான்.

ஒரு சொல் போதும், கேட்கும் தூரத்தில்தான் இருந்தான். ஆனால் குரல் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாக்கு என்றால் வாக்குத்தானே.